ஜெர்மன் இலக்கணத்தில் அளவும் எண்ணிக்கையும்

ஜெர்மன் மொழியில் (இடாய்ச்சு மொழி) ஒரு பொருளின் அளவையோ எண்ணிக்கையையோ குறிப்பிடுவதற்கு எண்ணுப்பெயர்கள், அளவுப்பெயர்கள், "சில", "பல", "கொஞ்சம்" போன்ற வரையறையற்ற அளவுச்சொற்கள் ஆகியன பயன்படுகின்றன. இவற்றுள் கற்போருக்கு மிகுந்த குழப்பத்தைத் தருவது அளவுப்பெயரின் ஒருமை பன்மை ஆகும். அளவாகக் கருதப்படும் பெயர் ஒருவகையாகவும், எண்ணத்தக்க பொருளாகக் கருதப்படும் அதே பெயர் வேறுவகையாகவும் வடிவம் கொள்கிறது.

இக்கட்டுரையில் ஜெர்மன் சொற்கள் தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. அம்மொழியின் சில உயிரொலிகளுக்குத் தமிழில் எழுத்து இல்லையாதலால் ஒலிபெயர்ப்புகள் தோராயமானவையே. ஜெர்மன் பெயர்ச்சொற்கள் ஆண்பால், பெண்பால், இரண்டும் அல்லாத நடுப்பால் என மூன்று இலக்கணப் பால்களை உடையவை. பொருளைக் கொண்டு பாலை அறிய இயலாது. பீங்கான் கோப்பை (டாஸே) பெண்பால், கண்ணாடிக் குவளை (கிளாஸ்) நடுப்பால். இப்பாகுபாடு பின்வரும் விதிகளுக்கு அடிப்படையாகும்.

அளவும் பொருளும் அடுத்தடுத்து வருதல்

ஜெர்மனில் அளவுப்பெயரும் பொருட்பெயரும் இடையில் எந்த இணைப்புச் சொல்லும் இன்றி அடுத்தடுத்து நிற்கின்றன. "ஐன் கிளாஸ் வாஸர்" என்பது "ஒரு குவளை தண்ணீர்" என்பதற்குச் சொல்லுக்குச் சொல் ஒத்தது. ஆங்கிலத்தில் இவ்விடத்தில் ஓர் இணைப்பிடைச்சொல் கட்டாயம் வரும். ஆங்கிலத்தின் வழியாக ஜெர்மன் கற்கும் மாணவர் அதே பழக்கத்தில் "ஃபொன்" என்னும் இடைச்சொல்லைச் சேர்த்து "ஐன் கிளாஸ் ஃபொன் வாஸர்" என்று எழுதுவதுண்டு, இது பிழை. தமிழ்த் தொடரை மனத்திற்கொண்டால் இப்பிழை நேராது.

ஆயினும், முன்பே அறியப்பட்ட ஒரு தொகுதியின் பகுதியைச் சுட்டும்போது இணைப்பு தேவைப்படுகிறது. "அந்த ஆப்பிள்களில் ஒரு கிலோ" என்னும்போது "ஃபொன்" வரும். "ரொட்டியின் பாதி" என்னும்போது ஆறாம் வேற்றுமை வரும் (டி ஹெல்ஃப்டே டெஸ் பிரோட்டெஸ்).

சொல் வரிசை மாறினால் பொருளும் மாறும். "ஐன் கிளாஸ் வைன்" என்பது குவளையில் உள்ள திராட்சை மதுவைக் குறிக்கும். "ஐன் வைன்கிளாஸ்" என்னும் கூட்டுச்சொல் மது அருந்துவதற்கான குவளையைக் குறிக்கும். அது வெறுமையாகவும் இருக்கலாம். தமிழில் "ஒரு குவளை தேநீர்", "ஒரு தேநீர்க் குவளை" ஆகியவற்றுக்கு இடையே உள்ள வேறுபாடு இதுவே.

அளவுப்பெயரின் ஒருமையும் பன்மையும்

ஆண்பால், நடுப்பால் அளவுப்பெயர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட எண்ணின் பின்னரும் ஒருமை வடிவிலேயே நிற்கும்:

ட்ஸ்வை கிளாஸ் பீர் – இரண்டு குவளை பீர்
டிரை ஷ்டுக் கூஹன் – மூன்று துண்டு கேக்
ஃபுன்ஃப் கிலோ கார்டோஃபல்ன் – ஐந்து கிலோ உருளைக்கிழங்கு
ஹுண்டர்ட் பிளாட் பப்பீர் – நூறு தாள் காகிதம்

மூன்றாம் எடுத்துக்காட்டில் "கிலோ" மாறாமல் நிற்க, எண்ணத்தக்க பொருளாகிய உருளைக்கிழங்கு பன்மையில் வருவதைக் காண்க. எண்ணவியலாத பொருள்களான பீர், காகிதம் போன்றவை ஒருமையிலேயே இருக்கும்.

பெண்பால் அளவுப்பெயர்களோ பன்மை ஏற்கும். "ட்ஸ்வை டாஸன் காஃபே" (இரண்டு கோப்பை காப்பி), "டிரை ஃபிளாஷன் வைன்" (மூன்று புட்டி மது) என்றே கூறவேண்டும். தமிழ் பேசுவோர் வழுக்கும் இடம் இது. தமிழில் "மூன்று புட்டி", "மூன்று குவளை" இரண்டும் "கள்" விகுதி இன்றி வருவதால், ஜெர்மனிலும் எல்லா அளவுப்பெயர்களையும் ஒருமையில் விட்டுவிடத் தோன்றும்.

முதல் விதி அளவுக்கு மட்டுமே உரியது. குவளைகளைத் தனித்தனிப் பொருள்களாக எண்ணும்போது "ட்ஸ்வை கிளேஸர்" என்று பன்மை வரும். உணவகத்தில் பரிமாறுபவரிடம் "ட்ஸ்வை கிளாஸ் பீர்" என்றால் இரண்டு குவளை அளவு பீர் கேட்கிறோம். மேசையிலிருந்து இரண்டு குவளைகள் விழுந்து உடைந்தால் உடைந்தவை "கிளேஸர்". மரத்திலிருந்து உதிர்ந்த நூறு இலைகளும் "பிளாட்" அல்ல, "பிளெட்டர்" ஆகும். (இலைக்கும் தாளுக்கும் ஜெர்மனில் ஒரே சொல், தமிழில் பனையோலையும் எழுதும் ஏடும் நெருங்கி நிற்பது போன்றது.) மனிதரைக் குறிக்கும் சொல்லிலும் இதைக் காணலாம். "டிரைஸிக் மன்" என்பது முப்பது பேர் கொண்ட படைப்பிரிவையோ கப்பற்பணியாளர் குழுவையோ ஆளெண்ணிக்கையாகக் குறிக்கிறது. "டிரைஸிக் மென்னர்" என்பது முப்பது தனித்தனி ஆண்களைக் குறிக்கிறது.

நாணயங்களும் இவ்வாறே. "ட்ஸேன் ஆய்ரோ" என்பது பத்து யூரோ என்னும் தொகை. 2002 ஆம் ஆண்டில் யூரோ நாணயங்களும் தாள்களும் புழக்கத்திற்கு வருமுன் வழங்கிய ஃபெனிக் என்னும் சிறு காசில் இவ்வேறுபாடு தெளிவாக இருந்தது. விலை பத்து காசு என்றால் "ட்ஸேன் ஃபெனிக்". கையில் பத்துக் காசுகள் தனித்தனியாக இருந்தால் "ட்ஸேன் ஃபெனிகே".

விலக்குகள்

கால அளவுகள் மேற்கூறிய விதிக்குக் கட்டுப்படுவதில்லை. யார் (ஆண்டு) நடுப்பால். மோனாட் (மாதம்), டாக் (நாள்) ஆகியன ஆண்பால். ஆயினும் "டிரை யாரே", "ட்ஸ்வை மோனாடே", "ஃபுன்ஃப் டாகே" எனப் பன்மையே வரும். இங்கு ஒருமையில் எழுதுவது தொடக்கநிலை மாணவர்களின் பொதுவான பிழை.

எதிர்த்திசையிலும் விலக்குகள் உண்டு. ஜெர்மனியின் முந்தைய நாணயமான மார்க் பெண்பாற் பெயராக இருந்தும் "ஹுண்டர்ட் மார்க்" என மாறாமல் நின்றது. பவேரியாவில் ஒரு லிட்டர் பீரைக் குறிக்கும் "மாஸ்" என்பதும் பெண்பால். இரண்டு லிட்டர் கேட்பவர் "ட்ஸ்வை மாஸ்" என்றே கேட்பார். ஆனால் இந்திய ரூபாயைக் குறிக்கும் "ரூப்பியே" என்னும் பெண்பாற் சொல் விதிப்படி "ஹுண்டர்ட் ரூப்பியன்" என்று பன்மை ஏற்கிறது.

தோற்றம்

இவ்வழக்கத்தின் வேர் மொழியின் பழைய நிலையில் உள்ளது. இடைக்கால ஜெர்மனில் பல நடுப்பாற் பெயர்களுக்குப் பன்மை விகுதியே இல்லை. ஒருமையும் பன்மையும் ஒரே வடிவம். மனிதனைக் குறிக்கும் "மன்" என்னும் சொல்லும் விகுதியற்ற பன்மையைக் கொண்டிருந்தது. பின்னர் இச்சொற்கள் புதிய பன்மை விகுதிகளைப் பெற்றன. ஆனால் எண்ணுக்குப் பின்னால் அளவாக வரும் இடத்தில் பழைய வடிவமே நிலைத்துவிட்டது. அதைப் பின்பற்றி ஆண்பால் அளவுப்பெயர்களும் அவ்வாறே வழங்கலாயின. எனவே "ட்ஸ்வை கிளாஸ்" என்பதில் உள்ளதை ஒருமை என்று அழைப்பது இன்றைய பார்வையில் மட்டுமே பொருந்தும். வரலாற்று நோக்கில் அது விகுதியற்ற பன்மையின் எச்சம் எனலாம். பெண்பாற் பெயர்களுக்கு இத்தகைய பழைய வடிவம் பெரும்பாலும் இன்மையால் அவை இவ்வழக்கில் சேரவில்லை.

பொருட்பெயரும் முற்காலத்தில் ஆறாம் வேற்றுமை ஏற்றது. "குவளை நீரின்" என்பது போன்ற அமைப்பு தேய்ந்து, இன்று வேற்றுமை உருபற்ற "கிளாஸ் வாஸர்" நிற்கிறது.

அடைமொழி வரும்போது

பழைய ஆறாம் வேற்றுமை முற்றிலும் மறைந்துவிடவில்லை. பொருட்பெயருக்கு முன் அடைமொழி வந்தால் இரு வடிவங்கள் சாத்தியமாகின்றன. "ஐன் கிளாஸ் கால்டஸ் வாஸர்" (ஒரு குவளை குளிர்ந்த நீர்) என்பது இயல்பான வழக்கு; இதில் "குளிர்ந்த நீர்" அளவுப்பெயரின் வேற்றுமையையே ஏற்கிறது. "ஐன் கிளாஸ் கால்டன் வாஸர்ஸ்" என்பது ஆறாம் வேற்றுமை வடிவம். இலக்கணப்படி சரியெனினும் இன்று செயற்கையான உயர்நடையாகத் தோன்றும். படித்துப் புரிந்துகொள்ள இரண்டும் தேவை. பேச முதலாவது போதும்.

வினைச்சொல்லின் எண்

"ஒரு கிலோ ஆப்பிள் மூன்று யூரோ" என்பதில் எழுவாய் ஒருமையா, பன்மையா? கிலோ ஒன்றுதான், ஆப்பிள்கள் பல. "ஐன் கிலோ எப்ஃபல் கோஸ்டட்" என ஒருமை வினையும், "கோஸ்டன்" எனப் பன்மை வினையும் ஏற்கப்படுகின்றன. "ஒரு கூட்டம் மக்கள்" போன்ற தொடர்களிலும் இதே இருமை உண்டு. தேர்வில் இதற்கு மதிப்பெண் குறைக்கும் ஆசிரியர் தேவைக்கு மேல் கண்டிப்பானவர் என்றே கூறவேண்டும்.

வரையறையற்ற அளவுச்சொற்கள்

"ஃபீல்" (நிறைய), "வேனிக்" (குறைவான) ஆகியன எண்ணவியலாத பொருளுக்கு முன் பெரும்பாலும் விகுதியின்றியும், எண்ணத்தக்க பன்மைக்கு முன் "ஃபீலே", "வேனிகே" என விகுதியுடனும் வரும். "ஃபீல் வாஸர்" நிறைய நீர். "ஃபீலே லாய்டே" பல மக்கள். இவற்றின் ஒப்பீட்டு வடிவங்களான "மேர்" (மேலும்), "வேனிகர்" (இன்னும் குறைவாக) ஆகியவையும், "கெனூக்" (போதிய) என்பதும் எவ்விடத்திலும் மாறுவதில்லை.

"ஐன் பிஸ்ஹென்" என்பது கொஞ்சம் என்று பொருள்படும். சொற்பிறப்பின்படி "ஒரு சிறு கடி". "ஐன் பார்" என்பது எழுத்தில் மட்டும் இரண்டாகப் பிரிகிறது. ஜெர்மனில் எல்லாப் பெயர்ச்சொற்களும் பெரிய எழுத்தில் தொடங்கும். "பார்" என்பதைப் பெரிய எழுத்தில் எழுதினால் பெயர்ச்சொல்லாகி "ஒரு சோடி" என்றாகும். சிறிய எழுத்தில் எழுதினால் "ஒருசில". ஒலி ஒன்றே. ஆகவே "ஐன் பார் ஷூஹே" என்பதைக் காதால் மட்டும் கேட்பவர், பேசுபவரிடம் ஒரு சோடிக் காலணி உள்ளதா, சில காலணிகள் உள்ளனவா என்பதைச் சூழலைக் கொண்டே அறியவேண்டும்.

வட்டார, வழக்கொழிந்த அளவுகள்

மெட்ரிக் முறைக்குப் பின்னும் "ப்ஃபுண்ட்" என்னும் பழைய பவுண்டு ஜெர்மானியச் சந்தைகளில் பேச்சில் வழங்குகிறது. ஆனால் அது 500 கிராம். பிரித்தானியப் பவுண்டாகிய ஏறத்தாழ 454 கிராம் அன்று. "ட்ஸென்ட்னர்" என்பது ஜெர்மனியில் 50 கிலோகிராம், ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் 100 கிலோகிராம். ஆஸ்திரியாவில் இறைச்சியையும் பாலாடைக்கட்டியையும் "டேக்கா" (10 கிராம்) கணக்கில் கேட்பர். டசனைக் குறிக்கும் "டுட்ஸன்ட்" இன்றும் உண்டு. 15 ஐக் குறித்த "மாண்டல்", 60 ஐக் குறித்த "ஷாக்" ஆகியன பழைய நூல்களில் மட்டுமே காணக்கிடைக்கின்றன.

எண்களும் பின்னங்களும்

21 முதல் 99 வரை, பத்தின் முழு மடங்குகள் நீங்கலாக, ஒன்றாம் இலக்கம் முதலில் சொல்லப்படும். 21 "ஐன்உண்ட்ட்ஸ்வான்ட்சிக்", அதாவது "ஒன்றும் இருபதும்". தொலைபேசியில் எண்களைக் கேட்டு எழுதும்போது இலக்கங்கள் இடம்மாறிவிடுவது தாய்மொழியாளருக்கும் நேர்வதே. "இருபது ஒன்று" என்னும் வரிசையையும் ஏற்கவேண்டும் என வலியுறுத்தும் "ட்ஸ்வான்ட்சிக்ஐன்ஸ்" என்னும் சங்கம் 2004 இல் தொடங்கப்பட்டது. மேலும், 2 ஐக் குறிக்கும் "ட்ஸ்வை" 3 ஐக் குறிக்கும் "டிரை" போல் ஒலிப்பதால், தெளிவுக்காக "ட்ஸ்வோ" என்று சொல்வதுண்டு.

ஒன்றரையைக் குறிக்கும் "ஆண்டர்ட்ஹால்ப்" என்பதன் நேர்ப்பொருள் "இரண்டாவது, பாதியளவில்" என்பதாகும். முதலாவது முழுமை, இரண்டாவது அரை என்பது கருத்து. கடிகார நேரம் கூறுவதிலும் இதே சிந்தனை உள்ளது. "ஹால்ப் ஃபியர்" (அரை நான்கு) என்பது நான்காம் மணியின் பாதி கடந்தது, அதாவது 3.30. பிரித்தானியப் பேச்சு வழக்கில் "அரை நான்கு" 4.30 ஆதலால், அப்பழக்கமுள்ளவர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்து சேர்வார்.

எழுத்தில் தசமக் குறியாகக் காற்புள்ளியும், ஆயிரங்களைப் பிரிக்கப் புள்ளியும் இடப்படுகின்றன. ஜெர்மன் ஆவணத்தில் 1.500 என்பது ஆயிரத்து ஐந்நூறு. 1,5 என்பது ஒன்றரை. மருந்துக் குறிப்பில் 2,5 மில்லிலிட்டர் என்றிருப்பதில் காற்புள்ளியைக் கவனியாது 25 எனக் கொண்டால் அளவு பத்து மடங்காகிவிடும். சுவிட்சர்லாந்தில் ஆயிரங்களைப் பிரிக்க மேற்கோட்குறி போன்ற ஒரு குறி (1'500) வழங்குகிறது. பெரிய எண்களில் 100 கோடி "மில்லியார்டே" எனப்படும். "பில்லியோன்" என்பது அதன் ஆயிரம் மடங்கு, அதாவது ஒரு இலட்சம் கோடி. ஆங்கிலச் செய்தியிலுள்ள பில்லியனை ஜெர்மனுக்கு மொழிபெயர்ப்பவர் "மில்லியார்டே" என்றே எழுதவேண்டும்.