நீர் சுத்திகரிப்பில் செயற்கை நரம்பணு வலைப்பின்னல்

நீர் சுத்திகரிப்பில் செயற்கை நரம்பணு வலைப்பின்னல் என்பது, சுத்திகரிப்பு ஆலையில் நிகழும் இயற்பிய, வேதியியல் மாற்றங்களை அந்த ஆலையின் பழைய பதிவுகளைக் கொண்டு கணினியில் படிமமாக்கும் முறை ஆகும். ஆற்று நீரின் தன்மை மாறும்போது எவ்வளவு படிகாரம் இடவேண்டும் என்று முன்கூட்டியே கணிப்பது இதன் முதன்மையான பயன்பாடுகளுள் ஒன்று. கழிவுநீர் சுத்திகரிப்பிலும், குழாய்களில் எஞ்சும் குளோரினின் அளவைக் கணிப்பதிலும் இது பயன்படுகிறது. இக்கட்டுரை குடிநீரில் படிகாரம் இடும் கட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இம்முறையை விளக்குகிறது.

திரளச் செய்தல்

ஆற்று நீரைக் கலங்கலாக்கும் களிமண் துகள்கள் மிக நுண்ணியவை. அவை எதிர்மின்னூட்டம் கொண்டிருப்பதால் ஒன்றையொன்று விலக்கி, படியாமல் மிதந்துகொண்டே இருக்கும். படிகாரம் சேர்க்கப்படும்போது இம்மின்னூட்டம் தணிகிறது. உருவாகும் அலுமினியம் ஐதராக்சைடு துகள்களைப் பிணைத்துப் பெரிய திரள்களாக்குகிறது. திரள்கள் தொட்டியில் படிந்தபின் எஞ்சியவற்றை மணல் வடிகட்டி நீக்குகிறது. துகள்களைத் திரளச் செய்யும் இத்தகைய வேதிப்பொருளைத் திரளூக்கி எனலாம்.

தேவைப்படும் படிகாரத்தின் அளவு கலங்கலை மட்டும் பொறுத்ததன்று. நீரின் பி.எச். மதிப்பு, காரத்தன்மை, வெப்பநிலை, கரிமப் பொருட்கள் ஆகியவையும் அதனைத் தீர்மானிக்கின்றன. 1 மில்லிகிராம் படிகாரம் ஏறத்தாழ 0.5 மில்லிகிராம் காரத்தன்மையைச் செலவழிக்கிறது (கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிடும்போது). ஆகவே படிகாரத்தைக் கூட்டினால் பி.எச். மதிப்பும் மாறுகிறது. இவ்வாறு ஒன்றையொன்று பாதிக்கும் காரணிகளை ஒரே சமன்பாட்டில் அடக்குவது கடினம்.

அளவின் முக்கியத்துவம்

படிகாரம் குறைந்தால் துகள்களும், அவற்றோடு நோய்க்கிருமிகளும் வடிகட்டியைக் கடந்துவிடக்கூடும். மிகுந்தால் துகள்கள் நேர்மின்னூட்டம் பெற்று மீண்டும் மிதக்கலாம்; நீரில் அலுமினியமும் எஞ்சலாம். இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 (2012) அலுமினியத்தின் ஏற்கத்தக்க அளவை லிட்டருக்கு 0.03 மில்லிகிராம் எனவும், மாற்று நீராதாரம் இல்லாத நிலையில் உச்ச வரம்பை 0.2 மில்லிகிராம் எனவும் வரையறுக்கிறது.

1993ஆம் ஆண்டு அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஏற்பட்ட நோய்ப்பரவல் இதன் முக்கியத்துவத்தைக் காட்டுகிறது. மிச்சிகன் ஏரியின் நீரைச் சுத்திகரித்த ஓர் ஆலையில், வடிகட்டிய நீரின் கலங்கல் 1.7 என்.டி.யு. வரை உயர்ந்தது. குளோரினுக்கு எளிதில் அழியாத கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணி குடிநீரில் கலந்தது. ஏறத்தாழ 4,03,000 பேர் நோயுற்றதாக மதிப்பிடப்பட்டது. அந்த ஆலை அதற்குச் சில காலம் முன்புதான் படிகாரத்தை விட்டு வேறொரு திரளூக்கிக்கு மாறியிருந்தது. புதிய பொருளைக் கையாண்ட பட்டறிவு அங்கு குறைவாகவே இருந்தது.

ஜாடிச் சோதனை

சரியான அளவைக் கண்டறியும் வழக்கமான முறை ஜாடிச் சோதனை ஆகும். பொதுவாக ஆறு ஜாடிகளில் ஒரே நீரை எடுத்து, வெவ்வேறு அளவு படிகாரம் இட்டு, முதலில் வேகமாகவும் பின்னர் மெதுவாகவும் கலக்கி, படியவிட்டு, தெளிந்த நீரின் கலங்கலை அளப்பர். இது நம்பகமானது. ஆனால் முடிவு கிடைக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். வெள்ளக் காலத்தில் அதற்குள் ஆற்று நீரே மாறிவிடக்கூடும். இந்த இடைவெளியை நிரப்புவதே வலைப்பின்னலின் நோக்கம்.

வலைப்பின்னலின் அமைப்பு

செயற்கை நரம்பணு என்பது ஓர் எளிய கணக்கீட்டு அலகு. அது உள்ளீடுகள் ஒவ்வொன்றையும் ஓர் எடையால் பெருக்கிக் கூட்டி, வந்த தொகையை ஒரு வளைகோட்டுச் சார்பின் வழியாக வெளியிடுகிறது. இவ்வலகுகள் உள்ளீட்டு அடுக்கு, மறை அடுக்கு, வெளியீட்டு அடுக்கு என அமைக்கப்படுகின்றன. கலங்கல், பி.எச்., காரத்தன்மை, வெப்பநிலை, படிகார அளவு ஆகியன உள்ளீடுகள்; படிந்த நீரின் கலங்கல் வெளியீடு.

எடைகள் தொடக்கத்தில் தற்செயலான எண்களாக இருக்கும். கணித்த மதிப்புக்கும் பதிவில் உள்ள மதிப்புக்கும் இடையிலான பிழையைப் பின்னோக்கிப் பகிர்ந்து எடைகளைச் சிறிது சிறிதாகத் திருத்துவதே பயிற்சி ஆகும். இதனைப் பின்பரவல் முறை என்பர். ரூமல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் ஆகியோர் 1986இல் வெளியிட்ட கட்டுரை இம்முறையைப் பரவலாக்கியது.

தரவுகள் மூன்றாகப் பிரிக்கப்படும். ஒரு பகுதி எடைகளைத் திருத்தவும், ஒரு பகுதி பயிற்சியை எப்போது நிறுத்துவது என முடிவு செய்யவும், மூன்றாவது பகுதி இறுதிச் சோதனைக்கும் உதவுகின்றன. பயிற்சி அளவு கடந்தால் வலைப்பின்னல் விதியைக் கற்காமல் பதிவுகளை மனப்பாடம் செய்துவிடும்.

தரவுகளைப் பொருத்தும்போது கால இடைவெளியையும் கணக்கில் கொள்ள வேண்டும். எடுத்துக்காட்டாக, 2,000 கன மீட்டர் கொள்ளளவுள்ள தொட்டியின் வழியே மணிக்கு 1,000 கன மீட்டர் நீர் பாய்ந்தால், நுழைந்த நீர் வெளியேறச் சராசரியாக 2 மணி நேரம் ஆகும். எனவே காலை 8 மணிக்கு நுழைந்த நீரின் அளவீட்டை 10 மணிக்கு வெளியேறிய நீரின் அளவீட்டோடு இணைக்க வேண்டும்.

படிமங்களின் வகைகள்

நேர்ப் படிமம்: நீரின் தன்மையும் படிகார அளவும் தரப்பட்டால், படிந்த நீர் எவ்வாறு இருக்கும் எனக் கணிக்கும்.

எதிர்ப் படிமம்: நீரின் தன்மையும் விரும்பும் தெளிவும் தரப்பட்டால், இடவேண்டிய படிகார அளவைக் கணிக்கும்.

ஆய்வுகள்

1996இல் ஆத்திரேலியாவின் மையர், டேண்டி ஆகியோர், முர்ரே ஆற்றின் உப்புத்தன்மையை 14 நாட்களுக்கு முன்னரே கணிக்க நரம்பணு வலைப்பின்னலைப் பயன்படுத்தினர். 1997இல் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் ஓர் ஆலையின் திரளூக்கி அளவு படிமமாக்கப்பட்டது. அதே நாட்டில், எட்மன்டன் நகரின் ராஸ்டேல் ஆலையில் 1990களின் பிற்பகுதியில் திரளச் செய்தல் குறித்த விரிவான ஆய்வுகள் நடந்தன. அந்த ஆலைக்கு நீர் தரும் வடக்கு சஸ்காச்சுவான் ஆறு, வசந்த காலத்தில் பனி உருகும்போது நிறமும் கலங்கலும் மிகுந்து ஓடும். 2004இல் மையர் முதலானோர் ஜாடிச் சோதனைத் தரவுகளைக் கொண்டு இருவகைப் படிமங்களையும் உருவாக்கினர்.

வரம்புகள்

1989இல் சைபென்கோ, ஹோர்னிக் முதலானோர் ஒரு கணிதத் தேற்றத்தை நிறுவினர். போதிய அலகுகள் கொண்ட ஒரே மறை அடுக்கு, வரையறுத்த எல்லைக்குள் எந்தத் தொடர்ச்சியான சார்பையும் வேண்டிய அளவு நெருங்க முடியும் என்பது அதன் சாரம். 'எல்லைக்குள்' என்பதே இங்கு முக்கியமானது. 5 முதல் 80 என்.டி.யு. வரையிலான நீரில் மட்டும் பயிற்சி பெற்ற வலைப்பின்னலுக்கு 400 என்.டி.யு. வெள்ள நீரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆயினும் அது ஒரு விடையைத் தரும். தெரியாது என்று சொல்லாது.

ஆலைப் பதிவுகளில் மற்றொரு சிக்கலும் உண்டு. கலங்கல் மிகும்போது இயக்குநர்கள் படிகாரத்தையும் கூட்டுவர். ஆகையால் பதிவுகளில் படிகாரம் மிகுந்த நாட்களே கலங்கல் மிகுந்த நாட்களாகவும் இருக்கும். படிகாரமே நீரைக் கலக்குகிறது என்று வலைப்பின்னல் தவறாகக் கற்றுக்கொள்ளக்கூடும். இயக்குநர்கள் இட்ட அளவையே சரியான விடையாகக் கொண்டு பயிற்றுவித்தால், அவர்கள் வழக்கமாக மிகையாக இட்டிருப்பின் அவ்வழக்கத்தையும் அது கற்கும். ஜாடிச் சோதனையில் ஒரே நீருக்குப் பல அளவுகள் சோதிக்கப்படுவதால், அத்தரவுகள் இக்குறைகளைப் பெரிதும் தவிர்க்கின்றன.

திரளூக்கியை மாற்றும்போது பழைய பதிவுகள் பயனற்றுப் போகின்றன. மில்வாக்கியில் மனிதர்களுக்கு நேர்ந்த பட்டறிவுக் குறை, வலைப்பின்னலுக்கும் அப்படியே பொருந்தும்.

ஆலையில் பயன்படுத்தல்

மேற்கண்ட காரணங்களால், வலைப்பின்னலின் விடை பாதுகாப்பான மேல், கீழ் வரம்புகளுக்குள் இருக்குமாறு கட்டுப்படுத்துவது நல்லது. உள்ளீடு பயிற்சி எல்லையைத் தாண்டினால் எச்சரிக்கை எழுப்பி, முடிவை இயக்குநரிடம் விட்டு, ஜாடிச் சோதனை செய்யவேண்டும். அச்சோதனையின் முடிவைத் தரவுகளோடு சேர்த்து மீண்டும் பயிற்றுவித்தால் எல்லை விரியும். அண்மைக் காலத்தில் காலத்தொடர் தரவுகளுக்கு ஏற்ற புதிய வகை வலைப்பின்னல்களும் இத்துறையில் ஆராயப்படுகின்றன. எவ்வகையாயினும், ஆண்டில் சில நாட்களே நிகழும் வெள்ளத்தின்போது எடுக்கப்படும் அளவீடுகள், தெளிந்த நீரோடும் பல மாதப் பதிவுகளைவிட மதிப்பு மிக்கவை ஆகும்.