இறப்பர் பாலும் குடிக்கும் நத்தை

ஆபிரிக்க நத்தையை இலங்கைக்குக் கொண்டுவந்தவர் ஒரு தோட்டத்துரை. 1900-இல் ஒலிவர் கொலெட் கல்கத்தாவிலிருந்து தருவித்து வட்டவளையில் விட்டார். கேகாலை மாவட்டத்துக் கித்துல்கலையைத் தாண்டி மேலேறினால் அந்த ஊர்தான். பத்தே ஆண்டில் அரசாங்கப் பூச்சியியலாளர் ஏர்னஸ்ட் கிறீன் அதன் பரவலைப் பற்றி எழுத வேண்டியதாயிற்று. துரை விட்டது, அடி வாங்குவது லயத்து வாசலில் போட்ட கீரையும் போஞ்சியும் பப்பாசிக் கன்றும். இறப்பர் மலையில் நத்தை இரவோடிரவாக மரமேறி வெட்டுப்பாலையும் குடித்துவிட்டுப் போகும்.

அந்தக் காலத்தில் இருட்டிய பிறகு விளக்கோடு போய்ப் பொறுக்கி உப்புத் தண்ணீரில் போடுவார்கள். பாத்தியைச் சுற்றிச் சாம்பலும் சுண்ணாம்பும் தூவுவார்கள். இரத்தினபுரி மழைக்குச் சாம்பல் ஒரு இரவுகூடத் தாங்காது. பிறகு மெட்டல்டிஹைட் வில்லை வந்தது. நத்தை செத்தது, தின்ற நாயும் செத்தது. 2021-இல் அரசாங்கம் விவசாய இரசாயன இறக்குமதியை நிறுத்தியது. சில மாதத்தில் தடை போனாலும், அடுத்து வந்த விலையில் மருந்து வாங்க லயத்துக் குடும்பத்தால் முடியவில்லை.

இன்று கேரளத்து ஆய்வாளர்கள் சொல்லும் முறை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 25 கிராம் புகையிலையை ஒன்றரை லீற்றர் தண்ணீரில் கொதிக்கவைத்து வடித்து, 60 கிராம் மயில்துத்தம் கரைத்த ஒரு லீற்றர் தண்ணீருடன் கலந்து தெளிப்பது. அதற்கு முன் நனைத்த சாக்கில் கோவா இலையும் பப்பாசி இலையும் வைத்தால் நத்தை ஓரிடத்தில் கூடும். தோட்டம் முழுக்கத் தெளிக்க வேண்டாம்.

தேயிலைக்குள்ளேயே ஒரு மருந்து இருக்கிறது என்பதுதான் என்னை விடாமல் பிடித்திருக்கிறது. கவாத்து இல்லாமல் காடேறிய செடியில் முப்பிளவாகக் காய்க்கும். உள்ளே கபில நிற உருண்டை விதை. அதில் உள்ள சப்போனின் என்ற பொருள் நத்தையைக் கொல்லும். சீனாவில் எண்ணெய் பிழிந்த தேயிலை விதைப் பிண்ணாக்கை வயல் நத்தைக்குப் போடுகிறார்கள். எதியோப்பியாவில் அக்லிலு லெம்மா என்ற ஆய்வாளர் 1964-இல் எண்டொட் என்ற செடியின் காயில் கண்டதும் இதே வகைப் பொருள்தான். ஆனால் சப்போனின் மீனின் செவுளையும் தாக்கும். களுகங்கைக்கு இறங்கும் ஓடையோரம் இதைப் போடவே கூடாது.

செடி மருந்து என்பதால் பயமில்லை என்று நினைக்காதீர்கள். புகையிலைச் சாறு மனிதருக்கும் நஞ்சு. நத்தையையும் வெறுங்கையால் தொடாதீர்கள், மூளையைத் தாக்கும் புழு அதில் இருக்கலாம். ஒரு ஈட்டில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும் உயிர் இது. ஒரு வீட்டுக்காரர் மட்டும் மருந்தடித்துப் பயனில்லை. மழைக்கு முன் முழு லயமும் ஒரே மாலையில் இறங்குங்கள்.