ஏற்றுமதி இறைச்சிச் சாலைகளும் நம் தொழுவத்து எருமைகளும்

நம் தேசத்திலிருந்து கப்பலேறும் மாட்டிறைச்சி யாவும் எருமையிறைச்சியே என்பதைக் குடியானவர்களிற் பலர் அறியார். பசு, எருது, கன்று இவற்றின் இறைச்சியை ஏற்றுமதி செய்யச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. எருமையிறைச்சியும் எலும்பு நீக்கி, உறைய வைத்தே வியட்நாம், மலேசியா, எகிப்து முதலிய நாடுகளுக்குச் செல்லுகின்றது. அறுக்கப்பட்ட எருமை கறவைக்கும் இனவிருத்திக்கும் உரியதன்று என்று கால்நடை வைத்தியரின் சான்றும் வேண்டும். ஆகவே இச்சாலைகளுக்கு வரும் உருப்படிகள் பெரும்பாலும் பால் மறுத்த கிழ எருமையும், ஏருக்கு உதவாத கடாவுமே. தொழுவம் சுருங்கினால் வரத்தும் சுருங்கும்.

நம் மாகாணத்தில் அது சுருங்கியே வருகின்றது. 2012-ஆம் வருஷத்துக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 7.80 லட்சம் எருமைகள் இருந்தன, 2019-இல் 5.19 லட்சமே. அதே காலத்தில் மாட்டினம் 88 லட்சத்திலிருந்து 95 லட்சமாயிற்று.

காரணம் தேடத் திருப்பனந்தாளை விட்டு அப்பாற் செல்லவேண்டுவதில்லை. கடாக்கள் உழுத சேற்றில் இப்போது டிராக்டர் ஓடுகின்றது. அறுவடையும் யந்திரத்தால் நடப்பதால், வைக்கோல் வயலிலேயே உருளைக் கட்டுகளாகி லாரியேறி விடுகின்றது. களத்தில் போர் இல்லை. எருமை எதைத் தின்னும்? கட்டுக்குக் கிடைக்கும் ரொக்கத்தை நான் குறைகூறவில்லை. ஆனால் கோடையில் அதே வைக்கோலை விலைகொடுத்து வாங்குவோரையும் இப்பக்கத்தில் கண்டிருக்கிறேன். கடாக்கன்றுகளின் கதியோ இன்னும் பரிதாபம். பால் மிச்சப்படவேண்டுமென்று சீம்பாலைக் கூடக் குறைத்து விடுகின்றனர். கழிச்சலும் குடற்புழுவும் மிகுதியை முடித்து விடுகின்றன. இரண்டு வருஷம் வளர்த்தால் நல்ல விலை பெறும் உருப்படி இரண்டு மாதத்தில் குழிக்குப் போகின்றது.

சட்டமும் வரத்தைத் தடுக்கவல்லது. 1958-ஆம் வருஷத்துச் சட்டப்படி பத்து வயது கடந்து வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாதது, அல்லது காயத்தாலோ தீராநோயாலோ நிரந்தரமாய்ப் பயனற்றது என்ற சான்றின்றி எருமையை அறுக்கலாகாது. 2017 மே மாதத்தில் மத்திய சர்க்கார் சந்தையில் அறுப்புக்காக மாடு விற்பதைத் தடுத்தபோது, சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதனை நிறுத்தி வைத்தது. அதற்கிடையே தரகர்கள் விலையை இறக்கினர். சட்டம் மாறும் என்ற வதந்தியே விற்பவனுக்கு நஷ்டம்.

கோமாரி மற்றொரு தடை. நோயுள்ள தேசத்து இறைச்சியை எல்லா நாடுகளும் ஏற்பதில்லை. 2019-இல் தொடங்கிய தேசீயத் திட்டத்தில் ஆறு மாதத்துக்கொருமுறை ஊசி இலவசமாய்ப் போடப்படுகின்றது. கிராம அதிகாரிகள் ஊசி நாளை முன்கூட்டியே தண்டோராப் போடுவித்தால், மேய்ச்சலுக்குப் போன மாடு விட்டுப்போகாது.

விற்பவர் முக்கியமாய்க் கவனிக்கவேண்டியது எடை. தரகர் கண்ணால் மதிப்பிடுகிறார், நாமும் தலையசைக்கிறோம். மார்புச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து அதனை அதனாலேயே பெருக்குக. தோள்முனை முதல் பின் இடுப்பெலும்பு வரையுள்ள நீளத்தால் மீண்டும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் ஏறக்குறைய உயிரெடை கிலோவில் வரும். சுற்றளவு 72, நீளம் 54 ஆனால் எடை 424 கிலோ. சென்ற பங்குனியில் ஒரு குடியானவர் இவ்வாறு அளந்து சொன்னதும், தரகர் மறுபேச்சின்றி விலையைக் கூட்டினார். தையற்காரரின் நாடாவே இதற்குப் போதும்.