படகே இல்லம்

இங்கிலாந்து நாட்டின் கால்வாய்களிலே படகையே வீடாகக் கொண்டு வாழ்வோர் பலர் உளர். அவர்தம் படகு ஏறக்குறைய 7 அடி அகலமே உடையது. நீளமோ 70 அடி வரையும் செல்லும். 18-ஆம் நூற்றாண்டிற் கட்டிய நீர்ப்பூட்டுகளின் குறுகிய வாயிலுள் நுழைதல் வேண்டியே இவ்வடிவம் அமைந்தது. புகைவண்டியின் போட்டியால் வருவாய் குன்றவே, படகோட்டியர் கரைவீட்டை விடுத்து, மனைவி மக்களோடு படகின் பின்புறச் சிற்றறையிற் குடிபுகுந்தனர். அலமாரிக் கதவைச் சாய்த்தால் உணவு மேசை. பலகையை இறக்கினால் கட்டில்! அந்நெருக்கடியைக் கண்டே 1877-இல் அரசினர் சட்டம் இயற்றி, படகிற் குடியிருப்போர் தொகைக்கு வரம்பு விதித்தனர்.

இன்று சரக்குப் போக்குவரத்து அருகிவிட்டது. ஆயினும் படகுத் துறைகளில் குடியிருப்போர் குறையவில்லை. கரைக்குழாயினின்று தொட்டியில் நிரப்பிய நீரை அளந்தே செலவிடுவர். மின்சாரம் துறையினின்று கம்பிவழி வரும்.

குளிர்காலமே அவர்க்குச் சோதனைக்காலம். மூச்சின் ஈரம் குளிர்ந்த இரும்புச் சுவரிற் பட்டு நீர்த்துளியாய் வழியும். சிற்றடுப்பில் இரவெல்லாம் நிலக்கரி கனன்றுகொண்டிருக்கும். குளிர்காற்றுக்கு அஞ்சிக் காற்றுத்துளைகளைத் துணியால் அடைப்பாரும் உளர். அந்தோ, அது கூற்றுவனை வலிய அழைப்பதாகும்! போதிய காற்றின்றி எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவளி எழும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. குருதியில் உயிர்வளி பெறவேண்டிய இடத்தை அது கவர்ந்துகொள்ளும். உறங்குவோர் விழியாமலே மாய்வர். ஆதலின், அவ்வளியை உணர்ந்து ஒலிக்கும் கருவி படகிற்கு இன்றியமையாதது என 2019-இல் விதி செய்தனர். அது அலறின், நள்ளிரவாயினும் பனி பெய்யினும் அனைவரும் கதவைத் திறந்துகொண்டு கரைக்கு விரைவர்.