ஏரி வாரியத்தார்

உத்திரமேரூர் என்றவுடன் கல்வி கற்ற தமிழர் எவருக்கும் நினைவில் எழுவது குடவோலைதான். காஞ்சீபுரம் ஜில்லாவிலுள்ள இச்சிற்றூரின் பெயரை 1948-ம் ஆண்டில் அரசியல் நிர்ணய சபையில் டி. பிரகாசம் அவர்கள் எடுத்துரைத்தார். 2020-ம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், புது தில்லியில் புதிய பாராளுமன்றக் கட்டிடத்துக்கு அடிக்கல் நாட்டிய தினத்தில், பிரதம மந்திரியும் இவ்வூர்க் கல்வெட்டைப் புகழ்ந்து பேசினார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நம் நாட்டில் ஜனங்கள் தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்துகொண்டார்கள் என்பதில் நமக்கு உண்டாகும் பெருமிதம் நியாயமானதே.

ஆயினும் நேயர்களை ஒரு கேள்வி கேட்க விரும்புகிறோம். ஓலையில் பெயர் எழுதினார்கள், குடத்தில் இட்டார்கள், குலுக்கி எடுத்தார்கள். எடுத்தவர்களை எந்த வேலைக்கு அனுப்பினார்கள்? குடத்தைப் பற்றிப் பேசுவோர் பலர். அதிலிருந்து வெளிவந்த மனிதர்கள் மறுநாள் காலையில் என்ன செய்தார்கள் என்று விசாரிப்போர் சிலரே.

வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலே அதற்கு விடை இருக்கிறது. முதலாம் பராந்தக சோழனுடைய 12-ம், 14-ம் ஆட்சி ஆண்டுகளில், அதாவது கி.பி. 919-லும் 921-லும், உத்திரமேருச் சதுர்வேதிமங்கலத்துச் சபையார் செய்துகொண்ட ஏற்பாடுகள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்புக்கு ஒருவராக முப்பது பேரை எடுத்தார்கள். அவர்களில் 12 பேர் ஸம்வத்ஸர வாரியம் என்னும் ஆண்டு வாரியத்தில் அமர்ந்தார்கள். 12 பேர் தோட்ட வாரியத்துக்குச் சென்றார்கள். மீதமிருந்த 6 பேர் ஏரி வாரியத்தார் ஆனார்கள். அதாவது, தெரிந்தெடுத்த முப்பது பேரில் பதினெட்டுப் பேர் தோட்டத்தையும் ஏரியையும் காப்பதற்கென்றே நியமிக்கப்பட்டார்கள்! அது மட்டுமன்று. தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் முன்னரே பணி செய்தவர்களும், கல்வியிலும் வயதிலும் முதிர்ந்தவர்களுமே ஆண்டு வாரியத்துக்கு உரியவர்கள் என்பது விதி. கரையிலும் தோட்டத்திலும் பழகியவருக்கே ஊர்க் காரியம் முழுவதையும் ஒப்பித்தார்கள்.

இந்நாளில் நீர்நிலைகளையும் மரங்களையும் பறவைகளையும் பேணுவதற்காக லாபம் கருதாத தொண்டு நிறுவனங்கள் பல தோன்றியிருக்கின்றன. படித்த வாலிபர்களும் பெண்களும் அவற்றில் சேர்ந்து வெயிலென்றும் சேறென்றும் பாராமல் உழைக்கிறார்கள். சுற்றுச்சூழல் தொண்டு என்பது மேல்நாட்டிலிருந்து நேற்று வந்த புதுமை என்று எண்ணுவோர் உண்டு. அவர்களுக்கு நாம் இந்தச் சுவரைத்தான் காட்டுவோம்.

ஏரி வாரியத்துக்கு வேலை என்ன இருந்திருக்கும் என்று பட்டணத்து நேயர்கள் கேட்கலாம். உத்திரமேரூரின் பேரேரிக்குப் பல்லவர் காலத்துக் கல்வெட்டுக்கள் வைரமேக தடாகம் என்று பெயர் சொல்லுகின்றன. தொண்டை மண்டலத்தில் வற்றாத ஆறு கிடையாது. திருமுக்கூடலில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்று கூடினாலும், ஆண்டில் பெரும்பகுதி அங்கே தண்ணீரைவிட மணலே மிகுதி. ஐப்பசி கார்த்திகையில் பெய்கிற மழையை மறித்து நிறுத்தினால் நெல் உண்டு, இல்லையேல் இல்லை. ஆகவே நம் முன்னோர் சரிவான நிலத்தில் பிறை வடிவமாகக் கரை எழுப்பி, வரத்துக்கால் வெட்டி, மதகும் கலங்கலும் அமைத்தார்கள்.

ஏரியைக் கட்டுவது ஒரு தலைமுறையின் வேலை. காப்பதோ ஒவ்வொரு தலைமுறையும் ஒவ்வோர் ஆண்டும் செய்யவேண்டிய வேலை. மழை நீர் தனியே வருவதில்லை. மேட்டு நிலத்து மண்ணையும் வாரிக்கொண்டு வருகிறது. நீர் வயலுக்குப் போய்விடும். வண்டல் அடியில் தங்கிவிடும். ஆண்டுக்கு ஒரு விரற்கடை உயர்ந்தாலும் நூறாண்டில் ஏரி மேடாகும். கரையை மட்டும் உயர்த்தினால் மேற்புறத்து வயல்கள் மூழ்கும், கரைக்கும் ஆபத்து. வண்டலை வெட்டி எடுத்து வயலில் இடுவதுதான் வழி. அது வயலுக்கு எருவுமாகும். தொண்டை நாட்டுக் கல்வெட்டுக்களில், ஏரியில் குழி வெட்டி மண் எடுப்பதற்கென்று பொன்னும் நிலமும் தானம் செய்த செய்திகள் காணப்படுவதன் காரணம் இதுவே. வந்த பொன்னைச் செலவழித்துவிடாமல் முதலாக வைத்து, அதன் பொலிசையைக் கொண்டு ஆண்டுதோறும் தூர் எடுத்தார்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. இப்பிரதேசத்து ஏரிகள் தனித்தனியானவை அல்ல. மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து கீழ் ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அடுத்ததற்கு. நடுவில் ஒருவர் கால்வாயை மறித்து வீடு கட்டினால், கீழேயுள்ள ஊர்கள் வறளும். மேல் ஏரியின் கரை உடைந்தால் கீழ் ஏரிகளும் ஒன்றன்பின் ஒன்றாக உடையும். ஆகவே ஏரியைக் காப்பவனுக்கு மண்வெட்டி மட்டும் போதாது. அண்டை ஊரோடு பேசும் சாமர்த்தியமும், தன் ஊர்ப் பெரிய மனிதரிடம் 'கூடாது' என்று சொல்லும் நெஞ்சுரமும் வேண்டும்.

அத்தகையவரை எவ்வாறு கண்டெடுப்பது? அதற்காகத்தான் அத்தனை விதிகள். முதலில் 30 முதல் 60 வரை என்றிருந்த வயதை, இரண்டே ஆண்டுகளில் 35 முதல் 70 வரை என்று திருத்தினார்கள். சொந்த மனையில் வீடும், வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேலும், காரியத்தில் திறமையும், நேர்வழியில் ஈட்டிய பொருளும் வேண்டும். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மறுபடியும் வரக்கூடாது. பணிக்காலம் 360 நாள். யாவற்றிலும் கடுமையானது கணக்கைப் பற்றிய விதி. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் குடத்தில் பெயர் இடத் தகுதியற்றவர் ஆனார்கள். மகாசபை முழுவதும் கூடியிருக்க, விவரம் அறியாத ஒரு சிறு பிள்ளை ஓலையை எடுக்கும். மத்தியஸ்தர் ஐந்து விரல்களையும் விரித்து அகங்கையில் அதை வாங்கி, உரக்கப் படிப்பார். கைக்குள் வேறு ஓலை மறைந்திருக்கலாகாது என்பதுதான் இதன் கருத்து என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் கூறும்போது ஓர் உண்மையை மறைக்கலாகாது. அந்தச் சபை பிரமதேயச் சபை. நிலமும் வேதக் கல்வியும் உள்ள பிராமண ஆடவர்களுக்கே அதில் இடம். ஏரியில் மண் சுமந்த கூலியாளும், மடை திறந்த காவலாளும், நாற்று நட்ட பெண்களும் குடத்துக்கு வெளியேதான் இருந்தார்கள். பழைய ஏற்பாட்டிலுள்ள ஒழுங்கை நாம் எடுத்துக்கொள்ளலாம். அதன் குறுகிய வாயிலை எடுத்துக்கொள்ளலாகாது.

பின்வந்த காலத்தில் அந்த ஒழுங்கு எவ்வாறு சிதைந்தது? செங்கற்பட்டு ஜாகீரில் 1767 முதல் 1774 வரை பார்னார்டு என்னும் ஆங்கிலேயர் செய்த அளவையிலே, விளைவைப் பங்கிடும் முன்னரே ஏரிக்கும் ஊர்ப் பணியாளருக்கும் ஒரு பாகம் ஒதுக்கிய வழக்கம் பதிவாகியிருக்கிறது. கம்பெனி ஆட்சி வரியைப் பெருக்கியபோது கிராமத்தின் கையிலிருந்த அந்தப் பாகம் சுருங்கிற்று. 1858-ல் சென்னை ராஜதானியில், கரை உடையும் சமயத்தில் ஜனங்கள் கட்டாயமாக வேலை செய்யவேண்டும் என்று சட்டமே இயற்றினார்கள். தன் ஏரி என்று தானே ஓடி வந்தவனைச் சட்டத்தால் இழுத்து வரவேண்டியதாயிற்று! நாளடைவில் பெரிய ஏரிகள் மராமத்து இலாகாவின் பொறுப்பாயின. 'சர்க்கார் ஏரி' என்ற சொல் பிறந்தது. சர்க்கார் ஏரி என்றால் நமக்கென்ன என்ற மனோபாவமும் உடன் பிறந்தது.

எல்லா ஊரும் அவ்வாறு கைவிடவில்லை. அண்டையிலுள்ள வேடந்தாங்கலைப் பாருங்கள். அவ்வூரார் தங்கள் ஏரியில் கூடு கட்டும் நாரைகளையும் கொக்குகளையும் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தார்கள். பறவையின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரம் என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். வேட்டையாட வந்த வெள்ளைச் சிப்பாய்களைத் தடுப்பதற்காக, 18-ம் நூற்றாண்டின் இறுதியில் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் கவுல் பெற்றார்கள். 1936-ல் அது பறவைகளின் சரணாலயமாக அங்கீகரிக்கப்பட்டது. 2022-ல் ராம்ஸார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் வரிசையில் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் சேர்ந்தன. சங்கமோ பதிவுச் சீட்டோ இன்றி அந்தக் கிராமத்தார் செய்ததைவிடச் சிறந்த சுற்றுச்சூழல் தொண்டு வேறு எது?

இனி இக்காலத் தொண்டர்களிடம் வருவோம். 2007-ம் ஆண்டில் அருண் கிருஷ்ணமூர்த்தி என்ற சென்னை இளைஞர் தொடங்கிய இந்தியச் சூழலியல் அமைப்பு, ஞாயிற்றுக்கிழமைதோறும் மாணவர்களையும் உத்தியோகஸ்தர்களையும் ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்று குப்பை அகற்றப் பழக்கிற்று. கீழ்க்கட்டளை ஏரியில் செய்த பணிக்காக அவருக்கு 2012-ல் ரோலக்ஸ் பரிசு கிடைத்தது. மதுரையிலுள்ள தானம் அறக்கட்டளை 'வயலகம்' என்ற பெயரில் ஏரிப் பாசன விவசாயிகளின் சங்கங்களை அமைத்து வருகிறது. பணத்திலோ உழைப்பிலோ ஊரார் ஒரு பங்கு தரவேண்டும். ஏரியின் பெயரில் முதல் வைத்து வட்டியைப் பராமரிப்புக்குச் செலவிட வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. பழைய பொலிசைப் பொன்னுக்கும் இதற்கும் பெயரில்தான் வித்தியாசம்.

இத்தகைய நிறுவனங்களில் வேலை செய்வோரின் நாள் எவ்வாறு கழிகிறது என்பதைப் பத்திரிகைப் படங்கள் காட்டுவதில்லை. ராட்சஸ யந்திரம் மண் வாரும் காட்சி மூன்று வார விஷயம். அதற்கு முந்தைய மாதங்களெல்லாம் பழைய அளவைப் படத்தை வைத்துக்கொண்டு வரத்துக்காலைத் தேடுவதில் கழிகின்றன. சீமைக் கருவேலம் மண்டிய புதரில் கலங்கலைக் கண்டுபிடிக்க வேண்டும். மடை திறக்கும் பழைய நீர்க்கட்டியின் திண்ணையில் அமர்ந்து, எந்த ஆண்டில் எதுவரை நீர் நின்றது என்று கேட்டு எழுத வேண்டும். தாலுகா கச்சேரிக்கும் பொதுப்பணி அலுவலகத்துக்கும் அனுமதிக்காக நடக்க வேண்டும். ஏரிக்குள் பயிரிட்டிருப்பவரின் கோபத்தையும் தாங்க வேண்டும். சம்பளம் சொற்பம், அடுத்த ஆண்டு நன்கொடை வருமா என்பதும் நிச்சயமில்லை.

அவர்களுடைய பெரிய கவலையோ வேறு. நன்கொடைப் பணம் ஓர் ஏரிக்கு ஒரு முறை வரும். தூர் எடுத்து, கரை பலப்படுத்தி, பனை விதை ஊன்றிவிட்டுத் தொண்டர்கள் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். ஐந்தாண்டு கழித்து வந்து பார்த்தால், மதகில் குப்பை. கரையில் மறுபடியும் கருவேலம். வேலையில் குறையில்லை. அதைக் கையேந்தி வாங்கிக்கொள்ள ஊரில் ஆளில்லை. ஏரி வாரியம் இல்லாத ஊரில் எந்த நிறுவனம் வந்து உழைத்தாலும் அது விருந்தாளியின் உழைப்புத்தான்.

இதற்குச் சாதனங்கள் இல்லாமற் போகவில்லை. 2000-ம் ஆண்டில் பாசன அமைப்புகளை விவசாயிகளே நிர்வகிக்கும் சட்டம் தமிழ்நாட்டில் நிறைவேறிற்று. 2017-ல் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே சர்க்கார் திட்டம் தொடங்கிற்று. 2022 முதல், உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-ந் தேதியிலும் ஊராட்சிதோறும் கிராம சபை கூட வேண்டும் என்று ஏற்பாடாகியிருக்கிறது. ஸ்பெயின் தேசத்து வாலென்ஸியா நகரில், பாசனக் கால்வாய்களின் விவசாயிகள் தாங்களே தெரிந்தெடுத்த நீர் நியாயாதிபதிகள் வியாழக்கிழமைதோறும் மாதா கோயில் வாயிலில் கூடி, பல நூற்றாண்டுகளாக வழக்குத் தீர்க்கிறார்கள். இவை போன்ற ஏற்பாடுகளை ஆராய்ந்து, பொதுச் சொத்தை அதை அனுபவிப்பவர்களே விதி வகுத்துக் காக்க முடியும் என்று நிறுவிய எலினார் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்க மாதுக்கு 2009-ல் பொருளாதார நோபெல் பரிசு அளித்தார்கள். அந்த அம்மையார் சொன்னதில் பெரும்பகுதியை நம் உத்திரமேரூர்ச் சபையார் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

ஆகவே உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஊராட்சிகளிலிருந்தே இதைத் தொடங்கலாம் என்பது நமது யோசனை. மார்ச் 22-ந் தேதி கூடும் கிராம சபையில், ஊர் ஏரிக்கென்று ஆறு பேரைத் தெரிந்தெடுக்கட்டும். அவர்களில் பெண்களும், நிலமில்லாத உழைப்பாளிகளும், நீர்க்கட்டியும் கட்டாயம் இருக்கட்டும். ஒரே ஆண்டு பணி செய்யட்டும். அடுத்த மார்ச்சில் சபை முன் நின்று, எத்தனை வண்டி மண் எடுத்தோம், யாரிடம் எவ்வளவு பணம் பெற்றோம், எதற்குச் செலவிட்டோம் என்று உரக்கப் படிக்கட்டும். படிக்காதவர் பெயர் மறுபடியும் வரவேண்டாம். தொண்டு நிறுவனத்தார் அந்த அறுவருக்கு அளவையும் கணக்கும் கற்றுக் கொடுத்துத் துணை நிற்கட்டும்.

விடுமுறையில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு உத்திரமேரூர் செல்லும் நேயர்கள் கல்வெட்டைப் பார்த்தபின் ஏரிக்கரைக்கும் அவசியம் போகவேண்டும். கரையில் நின்று, 'இதைக் காப்பதற்காகத்தான் அந்த ஓலைகளை எழுதினார்கள்' என்று குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். பிறகு ஊர் திரும்பியதும், உங்கள் ஊர் ஏரிக்கு இவ்வாண்டு பொறுப்பாளி யார் என்று விசாரியுங்கள்.