இரண்டு டன் கூடு, மெல்லிய ஓடு

1939-ல், ஓய்வுபெற்ற கனடா நாட்டு வங்கி மேலாளர் ஒருவர் ஃபுளோரிடாவின் மேற்குக் கரையில் மரம் ஏறத் தொடங்கினார். பெயர் சார்லஸ் புரோலி. வயது அறுபதை ஒட்டி இருக்கும். கயிற்று ஏணி போட்டு உச்சிக்குப் போய், வெண்தலைக் கழுகுக் குஞ்சுகளின் காலில் வளையம் மாட்டிவிட்டு இறங்குவார். பத்தே ஆண்டுகளில் ஆயிரம் குஞ்சுகளுக்கு மேல் மாட்டிவிட்டார்.

அவர் எட்டிப் பார்த்தவை சாமானியமான கூடுகள் இல்லை. ஆணும் பெண்ணும் சேர்ந்து குச்சிகளை அடுக்கி, நடுவில் புல்லும் பாசியும் மெத்தையாகப் பரப்புகின்றன. மறு ஆண்டும் அதே கூட்டுக்குத் திரும்பி, மேலும் குச்சிகளைச் சேர்க்கின்றன. ஃபுளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அருகே 1963-ல் அளந்த கூடு 2.9 மீட்டர் அகலம், 6 மீட்டர் ஆழம், இரண்டு டன்னுக்கு மேல் எடை. கட்டிய பறவையோ 6 கிலோவைத் தாண்டுவது அரிது. ஒஹையோ மாநிலத்தின் வெர்மிலியனில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வளர்ந்த கூடு ஒன்று, 1925-ல் புயலில் மரத்தோடு சாய்ந்தது.

ஒரு ஈட்டுக்கு ஒன்று முதல் மூன்று முட்டைகள். ஏறக்குறைய 35 நாட்கள் இரண்டும் மாறி மாறி அடைகாக்கும். முட்டைகள் சில நாள் இடைவெளியில் இடப்படுவதால் மூத்த குஞ்சு முந்திக்கொள்ளும். இரை குறைந்தால் இளையது பட்டினியில் சாகும். பிழைத்தவை பத்துப் பன்னிரண்டு வாரங்களில் பறந்துவிடும். அப்போது உடல் முழுக்கப் பழுப்பு நிறம். தலை வெளுக்க ஐந்து ஆண்டுகள் ஆகும். ஃபுளோரிடாவில் பறக்கப் பழகும் குஞ்சுகள் கோடைக்கு வடக்கே கனடா வரை போகின்றன என்பதைக் காட்டிக்கொடுத்தவை புரோலியின் வளையங்களே.

1947-லிருந்து கணக்கு தப்பத் தொடங்கியது. கூடு இருந்தது, பறவைகளும் இருந்தன, குஞ்சுகளைத்தான் காணோம். முன்பு ஆண்டுக்குச் சுமார் 150 குஞ்சுகளுக்கு வளையம் மாட்டியவர், 1958-ல் 160 கிலோமீட்டர் கரையைச் சுற்றி ஒரே ஒரு குஞ்சைத்தான் கண்டார். பூச்சிக்கொல்லியான டிடிடி மீது அவருக்குச் சந்தேகம் விழுந்தது. அடுத்த ஆண்டு இறந்துபோனார்.

சந்தேகம் சரிதான். வயலிலும் சதுப்பிலும் தெளித்த மருந்து நீரில் கலந்து, மீனின் கொழுப்பில் சேர்ந்து, மீனைத் தின்ற கழுகின் உடலில் பன்மடங்கானது. அது சிதைந்து உருவாகும் டிடிஇ, முட்டை ஓட்டில் சுண்ணாம்புச் சத்து படிவதைக் குலைத்தது. டன் கணக்கில் குச்சி சுமந்து வீடு கட்டிய பறவை அடைகாக்க அமர்ந்தபோது, அதன் எடையே தாங்காமல் ஓடு நொறுங்கியது. 1963-ல் அலாஸ்கா, ஹவாய் நீங்கலான 48 அமெரிக்க மாநிலங்களில் மிஞ்சியவை 417 இணைகளே.

1972-ல் அமெரிக்கா டிடிடி-க்குத் தடை போட்டது. 2007-ல் அருகிவரும் உயிரினப் பட்டியலிலிருந்து கழுகின் பெயர் நீங்கியது. 2021 அரசு அறிக்கையின்படி அந்த 48 மாநிலங்களில் 71,000-க்கும் அதிகமான இணைகள் கூடு கட்டுகின்றன.

புரோலி ஏணி போட்டு ஏறிப் பார்த்ததை இன்று கேமரா காட்டுகிறது. கலிபோர்னியாவின் பிக் பேர் ஏரிக்கு மேலே ஜாக்கி, ஷேடோ என்ற இணையின் மூன்று முட்டைகளும் 2025 மார்ச்சில் பொரிவதை உலகெங்கும் பலர் கண்விழித்துப் பார்த்தார்கள். இம்முறை ஓட்டை உடைத்தது, உள்ளிருந்த குஞ்சின் அலகு.