ஒரு வாத்தியத்துக்குள் ஒரு வாத்தியக் குழு



கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் மாரியம்மன் திருவிழாவுக்கு நாகசுரமும் தவிலும் முழங்க, சாமி புறப்படுவதை நாம் பார்த்திருக்கிறோம். அப்போது வாசிக்கும் மல்லாரியை எங்கள் பள்ளி ஆர்மோனியத்தில் வாசிக்க ஒருமுறை முயன்றோம். பரிசளிப்பு விழா, மேளக்காரரை அழைக்க வசதியில்லை. நாகசுரத்தின் ஒவ்வொரு குழைவையும் கட்டைகளில் துரத்திப் பிடிக்கப் பார்த்தோம். முன்வரிசையில் இருந்த பெரியவர்களுக்கே அது மல்லாரி என்று விளங்கவில்லை.

கருவி மாறும்போது எதைக் காப்பது, எதை விடுவது? மேல்நாட்டில் இந்தக் கேள்வியோடு நெடுங்காலம் போராடியவர்கள் குழல் ஆர்கன் கலைஞர்கள். ஒரு பெரிய வாத்தியக் குழு வாசிக்கும் சிம்பொனியை ஒருவரே வாசிக்கும்படி அவர்கள் மாற்றி எழுதினார்கள்.

ஆர்கன் நம் ஆர்மோனியத்துக்கு உறவுதான். இரண்டுக்கும் காற்றே உயிர். ஆனால் ஆர்கனில் அந்தக் காற்று, உலோகத்தாலும் மரத்தாலுமான நூற்றுக்கணக்கான, சிலவற்றில் ஆயிரக்கணக்கான குழல்களில் புகுந்து ஒலிக்கிறது. கைகளுக்குச் சில வரிசைக் கட்டைகள். கால்களுக்குத் தனி வரிசை. ஒரு குமிழை இழுத்தால் புல்லாங்குழல் போன்ற ஒலி. இன்னொன்றை இழுத்தால் எக்காளம் போன்ற ஒலி. எட்டடிக் குழல் தரும் சுரத்தைப் பதினாறடிக் குழல் ஒரு ஸ்தாயி கீழே தரும். கோலாலம்பூரில் இரட்டைக் கோபுரத்தின் அடியில் 1998-இல் திறக்கப்பட்ட பெட்ரோனாஸ் இசையரங்கின் ஆர்கனில் 2,977 குழல்கள் உள்ளன.

சிம்பொனியை ஏன் ஆர்கனுக்கு மாற்ற வேண்டும்? இசைத்தட்டு வராத காலத்தில், பல ஊர்களில் பெரிய வாத்தியக் குழுவும் இல்லை. ஆனால் நகர மண்டபத்தில் ஆர்கன் இருந்தது. இங்கிலாந்தில் லிவர்பூல் நகரின் செயின்ட் ஜார்ஜ் மண்டபத்தில் 1855 முதல் 1894 வரை வில்லியம் தாமஸ் பெஸ்ட் வாசித்தார். அவருக்குப் பின் புகழ்பெற்றவர் எட்வின் லெமார். பெரிய இசையரங்குக்குப் போக முடியாத மக்கள் இத்தகைய கலைஞர்களால் பேரிசையைக் கேட்டார்கள்.

இனி வேலையின் நுட்பத்தைப் பார்ப்போம். தொவோர்சாக் 1893-இல் அமெரிக்காவில் எழுதி முடித்த 'புதிய உலகம்' சிம்பொனியை எடுத்துக்கொள்வோம். முதற்பகுதியில் கொம்புகள் எழும்பிப் பாட, வயலின்கள் ஒரே சுரத்தை மிக விரைவாக நடுங்க வைக்கின்றன. ஆர்கனில் ஒரே கட்டையை அவ்வளவு விரைவாக அடித்தால் ஒலி குழம்பும். ஆகவே, மாற்றி எழுதுபவர் பெரும்பாலும் இரண்டு சுரங்களை மாறி மாறி ஒலிக்க வைப்பார். நடுக்கத்தின் எழுத்து மாறுகிறது, உணர்வு நிற்கிறது.

முரசுக்கு என்ன செய்வது? காலால் இயக்கும் கட்டைகளில் மிகத் தாழ்ந்த சுரங்களைத் தொட்டு அந்த அதிர்வை உண்டாக்கலாம். ஆர்கன் கட்டையை எவ்வளவு பலமாக அழுத்தினாலும் ஒலி கூடாது. ஆகவே ஒரு சுரத்துக்கு அழுத்தம் கொடுக்க, அதற்கு முன் இம்மியளவு மௌனம் வைப்பார்கள். ஒலியைப் படிப்படியாகப் பெருக்கக் குமிழ்களை ஒவ்வொன்றாகச் சேர்ப்பார்கள். அல்லது குழல்களை அடைத்து வைத்திருக்கும் பெட்டியின் பலகைகளைக் காலால் மெல்லத் திறப்பார்கள்.

இரண்டாம் பகுதியில் இங்கிலீஷ் ஹார்ன் என்னும் துளைக்கருவி தனியாக உருகிப் பாடுகிறது. அதற்கு நாக்குள்ள குழல் வரிசை ஒன்றைத் தேர்ந்து, மற்றவற்றை மிக மெல்ல அடக்கிவிட வேண்டும். பத்து விரல்களும் இரண்டு கால்களும் எல்லாவற்றையும் பிடிக்க முடியாது. எது பாடுகிறது, எது துணை நிற்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

எங்கள் பிழை இப்போது விளங்கியது. ஆர்மோனியத்தில் சுரங்களுக்கு இடையே வழுக்க முடியாது. அகில இந்திய வானொலி 1940-இல் அதை விலக்கி வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். கமகத்தைத் துரத்திய நாங்கள், மல்லாரிக்கு உயிரான தாளக்கட்டையும் காலம் மாறும் நடையையும் கோட்டைவிட்டோம். மறுமுறை ஒரு கட்டையை ஒத்துப் போல விடாமல் பிடித்து, பிள்ளைகளைத் தாளம் போடச் சொன்னோம். குழைவுகளை விட்டோம். கீழ்க்காலம், நடுக்காலம், மேல்காலம் எனப் படியேறியபோது, பின்வரிசையில் ஒரு பாட்டி எழுந்து கைகூப்பினார்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்த பிறகு, புறப்பாட்டு மேளத்தை நேரில் கேட்காமலே வளரும் பிள்ளைகள் பலர். அவர்களுக்குப் பள்ளியின் ஆர்மோனியம் மேளத்துக்கு ஈடாகாது. ஆனால் மேளத்தைத் தேடிப் போக வைக்கும். லிவர்பூல் ஆர்கனும் சிம்பொனிக்கு ஈடாக நிற்கவில்லை. அதன் வாசலைத் திறந்து வைத்தது. நம் கையில் இருக்கும் சிறிய கருவியாலும் அந்த வேலையைச் செய்ய முடியும்.